ஒற்றைத் தலைவலியும் பயிற்சி என்னும் துணை மருந்தும்



தலைவலி வராத மனிதர் இல்லை. வெயிலில் நின்றால் வரும். பசியோடு இருந்தால் வரும். சிறிது தைலம் தேய்த்து, சூடாக ஒரு கோப்பைத் தேநீர் குடித்து, படுத்தெழுந்தால் போய்விடும். இன்று நாம் பேசப்போவது அந்தத் தலைவலியைப் பற்றி அன்று. பெரும்பாலும் தலையின் ஒரு பக்கத்தைப் பற்றிக்கொண்டு, நாடி துடிப்பதுபோல் விண்விண்ணென்று தெறித்து, வயிற்றைக் குமட்டி, வெளிச்சத்தையும் ஓசையையும் கண்டால் ஓடி ஒளியச் செய்கின்ற நோய் ஒன்று உண்டு. அதனை நாம் ஒற்றைத் தலைவலி என்கிறோம்; மருத்துவர்கள் மைக்ரேன் என்கிறார்கள். உலகில் ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவரை இது வாட்டுகிறது. அவர்களுள் பெண்களே மிகுதி.

இந்நோய் சிலருக்கு மாதம் ஒருமுறை வந்து போகும். வேறு சிலருக்கோ அது குடிபுகுந்துவிடும். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி இருந்து, அவற்றுள் 8 நாளாவது ஒற்றைத் தலைவலியின் குணம் காட்டி, இந்நிலை மூன்று மாதத்திற்கு மேல் நீடித்தால், அதனை நாட்பட்ட ஒற்றைத் தலைவலி என்று மருத்துவ நூல்கள் வகுக்கின்றன. நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு இந்நிலை நேர்கிறது. கணக்கில் இது சிறியதாகத் தோன்றலாம். ஆனால் நாள் சம்பளத்தில் வாழும் ஒரு வீட்டில், மாதத்தில் பாதி நாள் தாய் எழுந்திருக்க முடியாமல் கிடந்தால் அந்த வீடு என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டில் ஒரு பெண் பிள்ளை படித்தாள். சில நாள் காலையில் நன்றாகத்தான் வருவாள். பத்து மணிக்கெல்லாம் மேசைமீது தலையைக் கவிழ்த்துக்கொள்வாள். சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பமாட்டாள். சோதனை நாட்களில் இது அதிகமாக நேர்ந்ததால், அவள் பாசாங்கு செய்கிறாள் என்றே ஆசிரியர்களாகிய நாங்கள் முடிவு கட்டினோம், கண்டித்தோம். ஒருநாள் அவளுடைய தாயாரை அழைத்து விசாரித்தோம். பால் வெட்டிவிட்டு, முக்காட்டுத் துணியைத் தலையில் இறுக்கிக் கட்டியபடியே வந்த அந்த அம்மாள், "எனக்கும் இப்படித்தாங்க ஐயா. பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாலேயே ரெண்டு மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் போறேன். தினமும்தான் போடுறேன். வலி முன்னவிட இப்பத்தான் அதிகமா வருது" என்றார். எங்களுக்குத் தலை குனிந்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் குழந்தை மனவியல் படித்தவர்கள் நாங்கள். ஆனால் கண்முன்னே இருந்த வலியை நடிப்பு என்று எண்ணிவிட்டோம்.

இத்தவறு எங்களோடு தொடங்கியதன்று. இந்நோயின் வரலாறு நெடுகிலும் இரண்டு தவறுகள் மாறி மாறி வருகின்றன. ஒன்று, நோயாளியை மறந்து தலையை மட்டும் பார்த்தது. மற்றொன்று, நோயை மறந்து நோயாளியைக் குறை கூறியது. இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று மெல்ல மெல்லத் திறந்தது. மருந்தும் இருக்கட்டும், அதனோடு நோயாளி கற்றுக்கொள்ளும் பயிற்சியும் சேரட்டும் என்பதே அவ்வழி. அது எவ்வாறு பிறந்தது என்பதை இனிக் காண்போம்.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்களில், கண்ணில் ஒளி மின்னி, அதன்பின் நெற்றிப்பொட்டில் கடும் வலி எழுந்து, வாந்தி எடுத்தபின் தணிகின்ற ஒரு நோய் கூறப்பட்டிருக்கிறது. கப்படோசியா நாட்டு அரிட்டேயஸ் என்ற மருத்துவர், இந்நோயாளிகள் வெளிச்சத்தை வெறுத்து இருளை நாடுவர் என்று எழுதினார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் புகழ்பெற்று விளங்கிய காலன் என்ற மருத்துவர் இதற்கு 'ஹெமிக்ரேனியா' என்று பெயரிட்டார். 'பாதி மண்டை' என்பது அதன் பொருள். அச்சொல்லே நாளடைவில் தேய்ந்து மைக்ரேன் ஆயிற்று. வடமொழியில் உள்ள சுசுருத சம்கிதை என்னும் மருத்துவ நூல் இத்தகைய வலியை 'அர்த்தாவபேதகம்' என்கிறது; பாதியைப் பிளப்பது என்பது பொருள். நாமோ ஒற்றைத் தலைவலி என்கிறோம். ஒன்றையொன்று அறியாத மக்கள் எல்லாம் ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள். வலியின் முகம் எங்கும் ஒன்றுதான் போலும்!

பெயர் கண்டார்களேயன்றி மருந்து காணவில்லை. பத்தாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுக் கொர்டோவா நகரில் வாழ்ந்த அல்-சஹ்ராவி மாபெரும் அறுவை மருத்துவர். அவரே இந்நோய்க்கு, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் தலையில் சுடுவதையும், நெற்றிப்பொட்டைக் கீறி அதனுள் பூண்டுப் பல்லை வைத்துக் கட்டுவதையும் சிகிச்சையாக எழுதினார் என்றால், வலி எவ்வளவு கொடியதாக இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆன் கான்வே என்ற பிரபுகுலப் பெண்மணி வாழ்ந்தார். 1631-ல் பிறந்த அவருக்குச் சிறுவயதிலேயே தலைவலி தொடங்கிவிட்டது. இரத்த ஓட்டத்தைக் கண்டுபிடித்த வில்லியம் ஹார்வி உட்பட, அந்நாளின் பெரிய மருத்துவர்கள் எல்லாம் அவரைப் பார்த்தார்கள். 1656-ல் மண்டை ஓட்டில் துளையிடுவதற்காக அவரைப் பிரான்சு நாட்டிற்கு அழைத்துச் சென்றார்கள். அங்குள்ள மருத்துவர்கள் துளையிட அஞ்சி, கழுத்து இரத்தக்குழாயைக் கீறி இரத்தம் வடித்தார்கள். 1666-ல் கையால் தடவி நோய் தீர்ப்பவர் என்று பெயர் பெற்ற ஒருவரை அயர்லாந்திலிருந்து வரவழைத்தார்கள். எதுவும் பலிக்கவில்லை. அந்த வலியோடேயே அவர் கிரேக்கமும் எபிரேயமும் கற்றார், தத்துவ நூல் ஒன்றை எழுதினார், 1679-ல் மறைந்தார். அவருக்குச் சிகிச்சை செய்தவர்களுள் தாமஸ் வில்லிஸ் என்பவர், தலைவலிக்கு மூளையைச் சூழ்ந்த இரத்தக்குழாய்களே காரணம் என்று 1672-ல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். செல்வமும் கல்வியும் செல்வாக்கும் இருந்த ஒருவருக்கே இந்தக் கதி என்றால், ஏழை எளியவர்கள் பட்டதை எழுதிவைக்கவும் ஆள் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. 1873-ல் எட்வர்ட் லிவிங் என்ற ஆங்கில மருத்துவர், இது இரத்தக்குழாயில் பிறக்கும் நோய் அன்று, நரம்பு மண்டலத்தில் திரண்டு எழும் புயல் என்று எழுதினார். இன்றைய அறிவியல் அவர் பக்கமே சாய்கிறது. ஆனால் அடுத்த நூற்றாண்டின் பெரும்பகுதியில் இரத்தக்குழாய்க் கொள்கையே கொடி கட்டிப் பறந்தது. அதற்குக் காரணம் ஒரு மருந்து. 'ரை' என்னும் தானியக் கதிரில் பற்றும் எர்கட் என்ற பூஞ்சையிலிருந்து, சுவிட்சர்லாந்தில் ஆர்தர் ஸ்டோல் என்ற விஞ்ஞானி 1918-ல் எர்கோட்டமின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். 1920களில் அது ஒற்றைத் தலைவலிக்குப் பயன்படத் தொடங்கியது. 1938-ல் அமெரிக்காவில் ஜான் கிரகாம், ஹெரால்ட் உல்ப் ஆகிய இருவரும், அம்மருந்து கொடுத்தவுடன் நெற்றிப்பொட்டு நாடியின் துடிப்பு அடங்குவதையும், கூடவே வலி தணிவதையும் அளந்து காட்டினார்கள்.

இங்கேதான் முன்னே சொன்ன இரண்டாவது தவறும் தலைகாட்டியது. உல்ப் சிறந்த ஆராய்ச்சியாளர். தாமும் ஒற்றைத் தலைவலியால் துன்புற்றவர். ஆயினும் அவர் 1937-ல் எழுதிய கட்டுரை ஒன்றில், இந்நோயாளிகள் எதிலும் குற்றம் காண்பவர்கள், எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டுமென்று பிடிவாதம் பிடிப்பவர்கள், வளைந்து கொடுக்காதவர்கள் என்று ஒரு குணச்சித்திரம் வரைந்தார். மைக்ரேன் வருபவருக்கென்று தனிக்குணம் உண்டு என்ற அந்த எண்ணம் பிற்கால ஆய்வுகளில் நிலைக்கவில்லை. ஆனால் மக்கள் மனத்தில் அது ஊன்றிவிட்டது. "அவள் கவலைப்பட்டே தலைவலியை வரவழைத்துக்கொள்கிறாள்" என்று பக்கத்து வீட்டார் பேசும் பேச்சு நம் லயங்களில் மட்டும் கேட்பதன்று. மருத்துவர்களும் பேசிய பேச்சுத்தான் அது.

மருந்தும் முழு விடையாகவில்லை. 1951-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த பீட்டர்ஸ், ஹார்டன் என்ற இருவர், எர்கோட்டமினை அளவுக்கு மீறி உட்கொள்பவர்களுக்கு அம்மருந்தே தலைவலியை வளர்க்கிறது என்பதைக் கண்டெழுதினார்கள். பின்னாளில் சாதாரண வலி மாத்திரைகளுக்கும் இது பொருந்தும் எனத் தெரிந்தது. முன்பே தலைவலி உள்ள ஒருவர், மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பனடால் போன்ற மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கி வந்தால், அந்த மாத்திரையே மறுநாள் வலிக்கு வித்தாகிவிடலாம். எர்கோட்டமின், பல மருந்து கலந்த மாத்திரை முதலியவற்றிற்கு 10 நாளே எல்லை. அந்தத் தாயார், மாத்திரை போடப்போட வலி அதிகமாகிறது என்று சொன்னாரே, அது அறியாமைப் பேச்சு அன்று. அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் மருத்துவர்கள் ஆராய்ந்து கண்டதை அவர் தம் உடம்பிலே கண்டிருக்கிறார்.

இனி மூன்றாவது வழிக்கு வருவோம். இதன் வித்து தலைவலி ஆராய்ச்சியில் விழுந்ததே அன்று. அமெரிக்காவில் எட்மண்ட் ஜேகப்சன் என்ற மருத்துவர், மனம் பதறும்போது தசைகள் தாமே இறுகுவதையும், தசையைத் தளர்த்தினால் பதற்றம் தணிவதையும் கண்டார். கையை இறுக மூடு, அந்த இறுக்கத்தைக் கவனி, பிறகு விட்டுவிடு, அந்தத் தளர்ச்சியையும் கவனி. இப்படி உடம்பின் ஒவ்வொரு பகுதியாகப் பயிற்றுவித்தார். 1929-ல் இதனை ஒரு நூலாகவே வெளியிட்டார். 1932-ல் ஜெர்மனியில் யொகானஸ் ஷுல்ஸ் என்பவர் மற்றொரு முறையை நூலாக்கினார். அமைதியாகச் சாய்ந்திருந்து, 'என் கை கனக்கிறது, என் கை வெதுவெதுப்பாகிறது' என்று தனக்குத்தானே மெல்லச் சொல்லிக்கொள்ளும் பயிற்சி அது.

முப்பத்தைந்து நாற்பது ஆண்டுகள் கழித்து இவ்விரு முறைகளும் கருவிகளோடு கைகோத்தன. அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில், டோபீக்கா நகரில் மெனிங்கர் நிலையம் என்ற மனநல ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே எல்மர் கிரீன் என்பவர், விரல் நுனியில் சூட்டை அளக்கும் கருவியைப் பொருத்தி, அந்த அளவை உரியவரே கண்ணால் பார்க்கும்படி செய்து, கையைத் தம் முயற்சியாலேயே சூடேற்றிக்கொள்ள முடியுமா என்று சோதித்துக்கொண்டிருந்தார். சோதனைக்கு வந்த பெண்மணி ஒருவருக்கு அன்று ஒற்றைத் தலைவலி. சோதனையின்போது இரண்டே நிமிடத்தில் அவருடைய கையின் சூடு ஏறத்தாழ 10 பாரன்ஹீட் பாகை உயர்ந்தது; அத்தோடு தலைவலியும் விலகியது. ஆராய்ச்சியாளர்கள் தேடியது வேறு; கிடைத்தது வேறு. இதனைத் தொடர்ந்து ஜோசப் சார்ஜென்ட் என்ற மருத்துவர் தம் நோயாளிகளுக்கு இப்பயிற்சியைக் கொடுத்துப் பார்த்து, 1972-லும் 1973-லும் முடிவுகளை வெளியிட்டார். அதே காலத்தில் கொலராடோ மாநிலத்தில் தாமஸ் பட்ஜின்ஸ்கி, யொகான் ஸ்டோய்வா ஆகியோர், நெற்றித் தசையின் இறுக்கத்தை ஒலியாக மாற்றிக் கேட்கச் செய்து, இறுக்கத்தால் வரும் தலைவலிக்குப் பயிற்சி தந்தார்கள். உடலுக்குள் நடப்பதை உரியவருக்கே திருப்பிக் காட்டுவதால் இதற்குப் பயோபீட்பேக் என்று பெயர் வந்தது.

கை சூடேறினால் தலையில் விரிந்த இரத்தக்குழாய் சுருங்கும் என்று அப்போது விளக்கம் சொன்னார்கள். அவ்விளக்கம் நிலைக்கவில்லை. கருவியே இல்லாமல் உடலைத் தளர்த்தும் பயிற்சி மட்டும் பெற்றவர்களும் ஏறக்குறைய அதே அளவு நன்மை அடைந்தார்கள். அப்படியானால் உள்ளே உண்மையில் மாறுவது எது? 1984-ல் ஒகையோ பல்கலைக்கழகத்தில் கென்னத் ஹால்ராய்டு என்ற உளவியலாளரும் அவருடைய துணைவர்களும் ஓர் ஆய்வு செய்தனர். இறுக்கத் தலைவலி உள்ள கல்லூரி மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். எல்லாரிடமும் தசையைத் தளர்த்துகிறீர்கள் என்றே சொன்னார்கள். ஆனால் ஒரு பகுதியினர் தம்மை அறியாமலே தசையை இறுக்கக் கற்கும்படி கருவியை அமைத்தார்கள். தளர்த்தினாலும் இறுக்கினாலும், 'நன்றாகச் செய்கிறீர்கள்' என்று காட்டப்பட்டவர்களுக்கே தலைவலி மிகுதியாகக் குறைந்தது! தசையைவிட, 'இதில் என்னால் ஏதோ செய்ய முடிகிறது' என்னும் துணிவே பெரிதாக வேலை செய்திருக்கிறது என்று தெரிந்தது.

இதற்கு வலி வெறும் கற்பனை என்று பொருளா? இல்லை, நேயர்களே. வலி உண்மை, நரம்பிலே நிகழ்வது. ஆனால் வலி வந்துவிடுமே என்ற அச்சமும், தூக்கக் கேடும், பட்டினியும், வேலை போய்விடுமே என்ற பதைப்பும் அந்த நரம்புகளை மேலும் எளிதில் தூண்டுகின்றன. எரியும் அடுப்பில் விறகு திணிப்பதுபோல இது. விறகை எடுத்தால் நெருப்பு உடனே அணையாது, ஆனால் அடங்கும். இக்கருத்தின்மீது எழுந்ததே நடத்தைச் சிகிச்சை. தமிழில் 'நடத்தை' என்றவுடன் ஒழுக்கம் நினைவுக்கு வரும். இங்கே அப்பொருள் இல்லை. உண்பது, உறங்குவது, மூச்சு விடுவது, மாத்திரை எடுப்பது, வலி தொடங்கும்போது நினைப்பது, செய்வது ஆகிய அன்றாடப் பழக்கங்களையே அச்சொல் குறிக்கிறது. நினைப்பையும் சேர்த்துப் பழக்குவதால் அதனைச் சிந்தனை-நடத்தைச் சிகிச்சை என்றும் கூறுவர்.

மருந்து பெரிதா, பயிற்சி பெரிதா என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. அதனைத் தீர்க்க முயன்றவரும் அதே ஹால்ராய்டுதான். 2010-ல் வெளிவந்த அவருடைய ஆய்வில், அடிக்கடி ஒற்றைத் தலைவலி வரும் 232 பேர் கலந்துகொண்டனர். வலி வந்தபோது எடுக்கும் நல்ல மருந்து எல்லாருக்கும் உண்டு. அதற்குமேல் ஒரு பகுதியினருக்குத் தடுப்பு மருந்து. ஒரு பகுதியினருக்குப் பயிற்சி. ஒரு பகுதியினருக்கு இரண்டும். மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. பயிற்சி என்றால் நாள்தோறும் மருத்துவமனைக்கு ஓடுவதன்று. மாதம் ஒரு சந்திப்பு. மற்றவை வீட்டிலேயே, கையேட்டின் துணையோடு. முடிவு என்ன? தடுப்பு மருந்து மட்டும் பெற்றவர்களும் பயிற்சி மட்டும் பெற்றவர்களும், மாவு மாத்திரை பெற்றவர்களைவிட மேலாகத் தேறவில்லை. 30 நாள் கணக்கில் அம்மூவருக்கும் ஏறத்தாழ 2 தடவை குறைந்தது. இரண்டும் சேர்ந்து பெற்றவர்களுக்கோ 3-க்கு மேல் குறைந்தது. ஒரு கையால் தட்டினால் ஓசை வராது என்ற நம் பழமொழி இங்கே எண்ணிக்கையாகவே நிற்கிறது.

அடுத்த ஆய்வு ஆசிரியர்களும் பெற்றோர்களும் மறக்கக் கூடாதது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒற்றைத் தலைவலி வரும் என்பதையே பலர் நம்புவதில்லை. சுவீடன் நாட்டில் போ பில்லே என்ற மருத்துவர் 8,993 பள்ளிப் பிள்ளைகளை விசாரித்து, நூற்றுக்கு நான்கு பேர் அளவில் இந்நோய் இருப்பதை 1962-லேயே காட்டினார். அவர்களுள் 73 பேரை 40 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். பாதிப் பேருக்கு நடுவயதிலும் வலி விடவில்லை. வளர்ந்தால் போய்விடும் என்று விட்டுவிட முடியாது என்பது இதனால் விளங்கியது. 1980களில் அதே நாட்டில், பள்ளிக்கூடத்திலேயே மாணவர்களுக்கு உடல் தளர்த்தும் பயிற்சி கற்பித்துத் தலைவலியைக் குறைத்தார்கள்.

பிறகு 2013-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரிலிருந்து ஸ்காட் பவர்ஸ் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 10 வயது முதல் 17 வயது வரை உள்ள 135 பேர்; எல்லாருக்கும் நாட்பட்ட ஒற்றைத் தலைவலி; 28 நாளில் 21 நாள் வலி. எல்லாருக்கும் அமிட்ரிப்டிலின் என்ற தடுப்பு மருந்து கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு அதனோடு சிந்தனை-நடத்தைச் சிகிச்சை. மற்றவர்களுக்கு அதே அளவு நேரம் தலைவலி பற்றிய பாடம். 20 வாரம் கழித்துப் பார்த்தபோது, பாடம் கேட்டவர்களுக்கு 6.8 நாள் வலி குறைந்திருந்தது. பயிற்சி பெற்றவர்களுக்கு 11.5 நாள் குறைந்திருந்தது. வலி நாட்கள் பாதியாகவோ அதற்குக் கீழாகவோ குறைந்தவர்கள் ஒரு பக்கம் நூற்றுக்கு 36 பேர். பயிற்சிப் பக்கம் நூற்றுக்கு 66 பேர். பெற்றோருக்கும் அங்கே பாடம் இருந்தது. 'இன்னும் வலிக்கிறதா, இன்னும் வலிக்கிறதா' என்று ஓயாமல் கேட்பதை நிறுத்தி, பிள்ளை தன் வேலைகளைத் தொடர ஊக்கம் கொடுக்க வேண்டும் என்பதே அது.

உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். இப்பயிற்சி எல்லாரையும் குணப்படுத்துவதில்லை. பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளில் பல சிறியவை, சான்றில் குறையுள்ளவை என்று 2019-ல் வெளிவந்த ஒரு பெரிய மதிப்பீடு கூறியது. மருந்துகளும் அப்படித்தான். 2017-ல் பவர்ஸ் குழுவினரே, பிள்ளைகளுக்குத் தரும் இரண்டு தடுப்பு மருந்துகள் மாவு மாத்திரையைவிட மேலானவை அல்ல என்று கண்டு வெளியிட்டனர். பெரியவர்களுக்கு 1991 முதல் டிரிப்டான் வகை மருந்துகளும், 2018 முதல் ஒற்றைத் தலைவலியைத் தடுப்பதற்கென்றே உருவாக்கிய ஊசி மருந்துகளும் வந்துள்ளன. இவை நல்ல முன்னேற்றங்கள். ஆனால் எந்த மருந்து வந்தாலும், அதனோடு சேர்த்து நோயாளி தம் பங்கைக் கற்றுக்கொள்ளும் வழி அடைபடவில்லை. காசில்லாதவர்க்கும் திறந்திருக்கும் வழி அது.

சரி, நம் வீட்டில் என்ன செய்யலாம்? முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதுவரை கண்டிராத கடுமையோடு திடீரென்று வரும் தலைவலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் கூடிய தலைவலி, கைகால் சோர்வு, வாய் குழறல், தலையில் அடிபட்டபின் வரும் வலி, இவற்றில் எது நேர்ந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இது ஒற்றைத் தலைவலிதான் என்று மருத்துவர் சொன்னபின், மளிகைக் கடையில் தரும் நாட்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வலி வந்த நாளில் ஒரு கோடு. மாத்திரை எடுத்த நாளில் ஒரு வட்டம். மாதக் கடைசியில் அதனை மருத்துவரிடம் காட்டுங்கள். வட்டங்கள் பத்தைத் தாண்டினால் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் நாள்தோறும் எடுக்கும் மருந்தை நீங்களாகவே திடீரென்று நிறுத்த வேண்டாம். அவர் சொல்லும் முறைப்படி குறையுங்கள்.

இரண்டாவதாக, நேரம் தவறாமை. இருட்டோடு எழுந்து வெறும் வயிற்றோடு வேலைக்குப் போவது நம் வழக்கம். இரண்டு ரொட்டித் துண்டாவது தின்றுவிட்டுப் போகவேண்டும். தண்ணீர்ப் போத்தலை மறக்கக் கூடாது. விடுமுறை நாளிலும் படுப்பதும் எழுவதும் ஒரே நேரமாக இருப்பது நல்லது.

மூன்றாவதாக, நாள்தோறும் இருபது நிமிடம் பயிற்சி. சுவரில் சாய்ந்தோ பாயில் படுத்தோ கண்களை மூடுங்கள். வலது கையை ஐந்து விநாடி இறுக மூடுங்கள். பிறகு விட்டுவிட்டு அரை நிமிடம் அந்தத் தளர்ச்சியைக் கவனியுங்கள். அடுத்து இடது கை, தோள், நெற்றி, தாடை, வயிறு, கால் என்று வரிசையாகச் செய்யுங்கள். மூச்சு வயிறுவரை மெல்ல இறங்கட்டும். வலி இல்லாத நாளில்தான் இதனைப் பழக வேண்டும். வெள்ளம் வருமுன் அணை போடுவதுதானே அறிவு? இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்த பின்னரே பலனை எடைபோட வேண்டும்.

நான்காவது, நினைப்பு. வலி தலைகாட்டியதும், 'இன்று போச்சு, எல்லாம் போச்சு' என்று மனம் ஓடும். அப்போது, 'இது முன்பும் வந்தது, போனது. இப்போது நான் செய்யக்கூடியது எது?' என்று அதனைத் திருப்ப வேண்டும். இது வெறும் ஆறுதல் அன்று. அந்த ஆய்வுகளில் கற்பித்த பாடங்களுள் ஒன்று.

ஐந்தாவது வீட்டாருக்கும் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் உரியது. நோயாளியை நடிக்கிறார் என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல், வலியோடு வெட்கத்தையும் சேர்த்துவிடுகிறது.

அந்தத் தாயும் மகளும் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். தாயார் அரசாங்கச் சுகாதார நிலையத்திற்குப் போனார். நாட்காட்டியில் இருந்த வட்டங்களை எண்ணிப் பார்த்த மருத்துவர், வலி மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, தடுப்பு மருந்து கொடுத்தார். முதல் இரண்டு வாரம் வலி கூடியது, அழுதுகொண்டே சமாளித்தார். பிறகு குறைந்தது. நின்றுவிடவில்லை, குறைந்தது. இரவில் மகளும் தாயும் ஒரே பாயில் படுத்துக் கையை மூடித் திறந்து பயிற்சி செய்கிறார்களாம். வகுப்பில் அவளுடைய இடத்தைச் சன்னலோரத்திலிருந்து மாற்றிவிட்டோம். தலைவலி தொடங்கினால் கையைத் தூக்கிச் சொல்லலாம் என்றும் கூறியிருக்கிறோம். சென்ற சோதனையன்று கையைத் தூக்கினாள். கால் மணி நேரம் கண்மூடி இருக்கவிட்டோம். பிறகு அவளாகவே பேனாவை எடுத்து எழுதினாள்.

ஆன் கான்வே அம்மையாருக்கு அந்தக் கால் மணி நேரத்தைக் கொடுக்க அன்று எவருக்கும் தெரியவில்லை. நமக்குத் தெரியும். தெரிந்ததை வீட்டுக்கு வீடு சொல்லுவோம்.